விபத்து வழக்குக் கோப்பைக் கணினி காலவரிசைப்படுத்துமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஒரு லோயர் ஆபீசில் கிராணியாக (கிளார்க்காக) இருக்கிறீர்கள். சாலை விபத்து நஷ்டஈட்டு வழக்குகள்தான் அதிகம். ஒவ்வொரு கோப்பிலும் மலாயில் போலீஸ் ரிப்போர்ட், ஆங்கிலத்தில் ஸ்பெஷலிஸ்ட் அறிக்கை, தமிழில் கட்சிக்காரர் சொல்லச் சொல்ல எழுதிய வாக்குமூலம் என்று கலந்து கிடக்கும். இவற்றைக் கணினியிடம் கொடுத்தால் எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்று வரிசைப்படுத்தித் தருமா, அதை அது எப்படிக் கற்றுக்கொள்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். படிக்கும்போது இது கற்றலைப் பற்றிய கேள்வி போலத்தான் தெரிகிறது. ஆனால் அந்தப் பட்டியலை அப்படியே வழக்கில் பயன்படுத்தலாம் என்று உங்கள் லோயர் நினைப்பதாகக் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். ஆக, எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதுதான் உண்மையான கேள்வி. எப்படிக் கற்றுக்கொள்கிறது என்று தெரிந்தால் எங்கே நம்பக்கூடாது என்பதும் தெரிந்துவிடும். அதனால் இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன். நான் பல வருடங்களாக மருத்துவக் குறிப்புகளையும் இன்சூரன்ஸ் ஆவணங்களையும் கணினிக்குப் படிக்கக் கற்றுக்கொடுக்கும் வேலையில் இருப்பவன். சட்டம் என் துறை இல்லை. நீதிமன்றம் எதை ஏற்கும், எதை ஏற்காது என்பதை உங்கள் லோயர்தான் சொல்ல வேண்டும்.

ஒரு சின்ன வாக்குமூலத்தை எடுத்துக்கொள்வோம். நானே எழுதியது, ஆனால் உங்கள் கோப்புகளில் இருப்பதும் இப்படித்தான் இருக்கும்: “இரவு மணி ஒன்பது இருக்கும். ஜெலுத்தோங்கிலிருந்து மோட்டாரில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். மழை பெய்துகொண்டிருந்தது. முன்னால் இருந்த லோரி திடீரென்று பிரேக் அடித்தது. நான் இடது பக்கம் ஒடித்தேன். மோட்டார் சறுக்கி விழுந்தேன். அதற்கு முன்பே பின்னாலிருந்து ஒரு கார் ஹாரன் அடித்தது. மறுநாள் ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோதுதான் கால் முறிந்தது தெரிந்தது.”

இதில் பத்து நிகழ்வுகள் இருக்கின்றன. போய்க்கொண்டிருந்தது, மழை பெய்தது, பிரேக் அடித்தது, ஒடித்தது, சறுக்கியது, விழுந்தது, ஹாரன் அடித்தது, கண் விழித்தது, கால் முறிந்தது, தெரிந்தது. சொன்ன வரிசையில் கால் முறிந்தது ஒன்பதாவதாக வருகிறது. நடந்த வரிசையில் அது விழுந்ததை ஒட்டியே இருக்க வேண்டும். ஹாரன் சத்தம் விழுவதற்கு முன் கேட்டது என்பது உறுதி, ‘அதற்கு முன்பே’ என்று எழுதியே இருக்கிறது. ஆனால் லோரி பிரேக் அடிப்பதற்கு முன்னா, பின்னா? எழுதியவர் சொல்லவில்லை. மழை அவர் கிளம்பும்போதே பெய்ததா, பாதி வழியில் பிடித்ததா? அதுவும் இல்லை. நீங்களோ நானோ படித்தால் நம் மனம் சத்தமில்லாமல் இந்த இடங்களை நிரப்பிக்கொண்டு போய்விடும். நிரப்பினோம் என்பதே நமக்குத் தெரியாது. கணினியும் அப்படித்தான் நிரப்பும். நான் சொல்ல வந்ததில் முக்கியமான விஷயம் இதுதான், இதற்குப் பிறகு மறுபடி வருகிறேன்.

கணினி இந்தக் கதையை முழுதாகப் புரிந்துகொண்டு வரிசைப்படுத்துவதில்லை. குறைந்தபட்சம் இந்தத் துறையில் நெடுங்காலம் நடந்த முறை அது இல்லை. இரண்டு இரண்டு நிகழ்வுகளாக எடுத்து, இது அதற்கு முன்னா, பின்னா, ஒரே சமயமா, சொல்ல முடியாதா என்று ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு முத்திரை குத்தும். பத்து நிகழ்வுக்கு 45 ஜோடி. இருபது நிகழ்வு என்றால் 190. முப்பது பக்கக் கோப்பில் எத்தனை ஜோடி வரும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதனால் பெரும்பாலான கருவிகள் ஒரே வாக்கியத்திலும் அடுத்தடுத்த வாக்கியங்களிலும் வரும் ஜோடிகளை மட்டுமே பார்க்கும். பக்கம் 2-ல் உள்ளதையும் பக்கம் 27-ல் உள்ளதையும் இணைப்பது தனிப் பிரச்சினை. உங்களுக்குத் தேவைப்படுவதும் பெரும்பாலும் அதுதான்.

முத்திரைகள் எங்கிருந்து வந்தன என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1983-ல் ஜேம்ஸ் ஆலன் என்ற ஆய்வாளர் இரண்டு காலத் துண்டுகளுக்கு இடையே மொத்தம் 13 வகை உறவுகள்தான் இருக்க முடியும் என்று வரையறுத்தார். ஒன்று முழுதாக முன்னால் முடிவது, ஒன்று முடியும் கணத்தில் இன்னொன்று தொடங்குவது, பாதி பாதி மேலேறி நிற்பது, ஒன்றுக்குள் ஒன்று அடங்குவது, ஒன்றாகத் தொடங்கித் தனித்தனியாக முடிவது, இப்படிப் போகும். கணக்கில் ஓட்டையே கிடையாது. 2003-ல் ஜேம்ஸ் புஸ்டயோவ்ஸ்கி தலைமையிலான குழு இதை ஒட்டி டைம்எம்எல் என்ற குறியீட்டு முறையை உருவாக்கியது. நிகழ்வுச் சொல் எது, காலச் சொல் எது, இரண்டையும் இணைக்கும் உறவு எது என்று ஆங்கிலச் செய்திக் கட்டுரைகளில் மனிதர்கள் கையால் குறித்தார்கள். அந்தத் தொகுப்புக்குப் பெயர் டைம்பேங்க், பிந்தைய பதிப்பில் 183 கட்டுரைகள். 2007, 2010, 2013 ஆகிய ஆண்டுகளில் நடந்த, காலவரிசைக் கருவிகளைச் சோதிக்கும் டெம்ப்எவால் போட்டிகள் இந்த வழியில் வந்தவைதான். கணினிக்குப் பாடப்புத்தகம் என்று ஒன்று இருந்தால் அது இப்படிக் குறிக்கப்பட்ட கட்டுரைகள்தான். இவ்வளவு சின்னப் புத்தகமா என்று உங்களுக்குத் தோன்றலாம். நியாயமான சந்தேகம்.

கற்றல் என்பது இதில் என்ன? ஒரு ஜோடியைக் காட்டுவோம், அது ஊகிக்கும், மனிதர் குத்திய முத்திரையோடு ஒப்பிடுவோம், தப்பாக இருந்தால் உள்ளே இருக்கும் எண்களைக் கொஞ்சம் நகர்த்துவோம். ஆயிரக்கணக்கான ஜோடிகளில் இதையே திரும்பத் திரும்பச் செய்தால் ஊகம் மெல்ல மெல்லத் தேறும். ஆரம்ப காலத்தில் எதைப் பார்த்து ஊகிக்க வேண்டும் என்பதையும் நாங்களே சொல்லிக்கொடுத்தோம். வினைச்சொல் எந்தக் காலத்தில் இருக்கிறது, நடுவில் ‘பிறகு’, ‘முன்’ மாதிரி சொல் இருக்கிறதா, இரண்டும் ஒரே வாக்கியமா, எது முதலில் எழுதப்பட்டிருக்கிறது என்றெல்லாம் பட்டியல் போட்டுக் கொடுப்போம். 2018-ல் பெர்ட் என்ற மொழி மாதிரி (மாடல்) வந்த பிறகு அந்தப் பட்டியல் தேவைப்படவில்லை. மலைபோல் குவிந்த உரையில் மறைக்கப்பட்ட சொல்லை ஊகித்து ஊகித்து மொழியைப் பழகிய மென்பொருள் அது. அதை எடுத்து, மேலே சொன்ன ஜோடிப் பயிற்சியைக் கடைசியில் கொடுத்தாலே போதும், பழைய முறைகளை விட நன்றாகச் செய்யும். மொழியைப் பழகும்போதே உலகத்தில் எது எதற்குப் பிறகு நடக்கும் என்பதையும் அது கூடவே பழகிவிடுகிறது. விழுந்தால் அடிபடும், அடிபட்டால் ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே, அப்புறம் மாவுக்கட்டு. உரையில் எங்கும் சொல்லாவிட்டாலும் இந்த வரிசையை அது சரியாகவே போட்டுவிடும்.

இங்கேதான் உங்கள் வேலைக்கு ஆபத்து இருக்கிறது. கணினிக்குக் கைவந்தது வழக்கமான வரிசை. வழக்கு வருவதோ பெரும்பாலும் வழக்கத்துக்கு மாறான வரிசையால். ஸ்பெஷலிஸ்ட் அறிக்கையில் “முழங்கால் வலி, விபத்துக்குப் பின் சிகிச்சை, வலி மாத்திரை எடுத்துவருகிறார்” என்று இருந்தால் கணினி விபத்து, வலி, மாத்திரை என்று வரிசைப்படுத்தும். பெரும்பாலான கோப்புகளில் அது சரிதான். ஆனால் அந்த ஆள் விபத்துக்கு முன்பே அதே முழங்காலுக்கு மாத்திரை சாப்பிட்டு வந்தவராக இருந்தால்? இன்சூரன்ஸ் தரப்பு பிடித்துக்கொள்ளப் போவது அந்த ஒரு விஷயத்தைத்தான். எழுத்தில் அது அரைகுறையாக, ஒரு ‘ஏற்கெனவே’ என்ற சொல்லில் மட்டும் ஒளிந்திருக்கும். கணினி அந்தச் சொல்லைப் பார்க்காமல் விட்டுவிடும் என்று நான் சொல்லவில்லை. பல சமயம் பிடித்துவிடும். ஆனால் எழுத்து ஒரு பக்கமும் வழக்கம் இன்னொரு பக்கமும் இழுக்கும்போது, எழுத்தில் உள்ள குறிப்பு பலவீனமாக இருந்தால், அது வழக்கத்தின் பக்கம் சாயும். என் அனுபவத்தில் திரும்பத் திரும்பப் பார்த்த கோளாறு இது. வெளியே பார்க்கப் பட்டியல் வெகு இயல்பாக, சந்தேகமே வராத மாதிரி இருக்கும்.

அடுத்து, மனிதர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கணினிக்குப் பாடம் எடுத்த மனிதர்களே ஒத்துப்போகவில்லை என்பது இந்தத் துறையின் பழைய தலைவலி. ஒரே கட்டுரையை இரண்டு பேரிடம் கொடுத்தால் வெவ்வேறு முத்திரை குத்துவார்கள். 2014-ல் டைம்பேங்க்-டென்ஸ் என்று ஒரு தொகுப்பு வந்தது. வெறும் 36 கட்டுரைகள், ஆனால் பக்கத்துப் பக்கத்து ஜோடி ஒன்றையும் விடக்கூடாது என்று கறாராகக் குறித்தார்கள். முத்திரைகளை 13-லிருந்து ஆறாகக் குறைத்து, அதில் ஒன்றை ‘தெளிவில்லை’ என்று வைத்தார்கள். கடைசியில் பார்த்தால் மொத்த ஜோடிகளில் கிட்டத்தட்ட பாதி ‘தெளிவில்லை’யில் போய் விழுந்தது. அனுபவமுள்ள நிருபர்கள் எழுதி, ஆசிரியர் பார்த்துத் திருத்திய செய்திகளிலேயே இந்த நிலை. வலியில் இருக்கும் ஒருவர் சொல்லச் சொல்ல எழுதிய வாக்குமூலத்தில் எப்படி இருக்கும்?

ஏன் ஒத்துப்போகவில்லை என்று தோண்டிப் பார்த்ததில் கிடைத்த பதில் எனக்குப் பிடித்தமானது. ஒரு நிகழ்வு எப்போது தொடங்கியது என்பதில் மக்கள் பெரும்பாலும் ஒத்துப்போகிறார்கள். எப்போது முடிந்தது என்பதில்தான் சண்டை. மழை எப்போது விட்டது? வலி எப்போது முடிந்தது? ‘சிகிச்சை பெற்றார்’ என்றால் எத்தனை நாள்? 2018-ல் வந்த மேட்ரெஸ் என்ற தொகுப்பு இதைப் பிடித்துக்கொண்டது. முடிவுப் புள்ளியை விட்டுவிட்டுத் தொடக்கப் புள்ளிகளை மட்டும் ஒப்பிடுங்கள் என்று குறிப்பவர்களிடம் சொன்னார்கள். இன்னொன்றும் செய்தார்கள். நடந்தவை ஒரு கோடு, நடக்க வேண்டும் என்று நினைத்தவை, பயந்தவை, நடக்காதவை எல்லாம் வேறு கோடு என்று பிரித்தார்கள். ‘போலீசுக்குப் போன் செய்ய நினைத்தேன், அதற்குள் அவர் ஓடிவிட்டார்’ என்பதில் போன் செய்ததை ஓடியதற்கு முன் வைப்பதா பின் வைப்பதா என்று மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை, அது நடக்கவே இல்லை. இந்த இரண்டு மாற்றத்தால் குறிப்பவர்களுக்கிடையே ஒப்புதல், கப்பா என்ற அளவையில் (முழு ஒப்புதல் என்றால் நூறு) அறுபதுகளில் இருந்தது எண்பதுகளுக்கு ஏறியது. கணினியின் திறமை கூடியதால் வந்த முன்னேற்றம் இல்லை இது. கேள்வியைச் சின்னதாக்கிக் கேட்டதால் வந்தது. உங்கள் ஆபீசிலும் இதையே செய்யலாம், கடைசியில் சொல்கிறேன்.

ஜோடி ஜோடியாக முத்திரை குத்துவதில் இன்னொரு சிக்கல், முத்திரைகள் ஒன்றோடொன்று முரண்படலாம். பிரேக் அடித்தது ஒடித்ததற்கு முன், ஒடித்தது விழுந்ததற்கு முன் என்று சொல்லிவிட்டு, தனியாகக் கேட்டால் விழுந்தது பிரேக்குக்கு முன் என்றும் கணினி சொல்லக்கூடும், ஒவ்வொரு ஜோடியையும் அது தனித்தனியாகத்தானே பார்க்கிறது. இதைத் தடுக்க, எல்லா முத்திரைகளையும் ஒன்றாக வைத்து, வட்டமாகச் சுற்றாத வரிசைகளில் மொத்தத்தில் அதிக நம்பிக்கையுள்ளதைத் தேர்ந்தெடுக்கும் ஒரு கணக்கை மேலே ஓட்டுவார்கள். ஆலனின் 13 உறவுகளை முழுதாக வைத்துக்கொண்டு முரண் இல்லையா என்று சோதிப்பது, நிகழ்வுகள் கூடக் கூடக் கட்டுக்கடங்காத வேலையாகிவிடும் என்று 1986-லேயே நிறுவிவிட்டார்கள். வெறும் புள்ளிகளாக, முன், பின், சமம் என்று மட்டும் வைத்துக்கொண்டால் அந்தச் சோதனை எளிது. தொடக்கப் புள்ளியைப் பிடித்துக்கொள்வதில் இப்படி ஒரு லாபமும் இருக்கிறது.

இனி நல்ல செய்தி. தேதியும் மணியும் எழுதப்பட்ட இடங்களில் கணினி நம்பகமானது. ‘நேற்று’, ‘மூன்று வாரத்துக்குப் பிறகு’ போன்ற சொற்களை ஆவணம் எழுதிய தேதியை வைத்து உண்மையான தேதியாக மாற்றுவது தனி வேலை. ஹைடல்டைம், எஸ்யூடைம் போன்ற கருவிகள் இதைப் பெரும்பாலும் விதிகளை வைத்தே செய்கின்றன, கற்றல்கூட அதிகம் இல்லை. ஆனால் நம் ஊர் விஷயங்கள் அவற்றுக்குத் தெரியாது. நமக்கு 03/04/2024 என்றால் ஏப்ரல் 3. அமெரிக்க வழக்கில் பழகிய கருவி அதை மார்ச் 4 என்று எடுத்துக்கொண்டு போய்விடும், முனகக்கூட முனகாது. ‘தைப்பூசத்துக்கு மறுநாள்’ என்று கட்சிக்காரர் சொன்னால் 2024-ல் அது ஜனவரி 26, 2025-ல் பிப்ரவரி 12. எந்த வருடம் என்று தெரியாமல் மாற்ற முடியாது. மலாய் ரிப்போர்ட்டில் ‘மாலாம் ஜுமாஅட்’ என்று வந்தால் இன்னும் கவனம் வேண்டும். மலாய் வழக்கில் அது பெரும்பாலும் வெள்ளிக்கு முந்தைய இரவு, அதாவது நம் கணக்கில் வியாழன் இரவு. அதைத் தமிழில் வெள்ளி இரவு என்று மொழிபெயர்த்துவிட்டால் ஒரு நாள் முழுதாகத் தள்ளிப்போகும். நள்ளிரவு 12.30-க்கு நடந்த விபத்தை ஒருவர் முந்தைய தேதியிலும் இன்னொருவர் அடுத்த தேதியிலும் சொல்வார்கள், இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். இந்த மாதிரி இடங்களை நீங்கள் கையால் பார்ப்பதே நல்லது. அதற்கு அரை மணி நேரம் கூட ஆகாது.

மலாய் மொழியில் வினைச்சொல் காலம் காட்டி மாறாது. ‘தெலா’ (நடந்து முடிந்தது), ‘செடாங்’ (நடந்துகொண்டிருப்பது), ‘செலெபாஸ் இத்து’ (அதற்குப் பிறகு), ‘கெமுடியான்’ (பின்னர்) போன்ற துணைச் சொற்கள்தான் வழிகாட்டி. போலீஸ் ரிப்போர்ட்டில் அவை தாராளமாக வரும், ஆகவே கணினி ஓரளவு தாக்குப்பிடிக்கும். ஆங்கில மருத்துவ அறிக்கைக்கு நிலைமை இன்னும் தேவலை. 2012-ல் ஐ2பி2 என்ற போட்டிக்காக 310 டிஸ்சார்ஜ் குறிப்புகளில் காலவரிசையைக் கையால் குறித்தார்கள். அதன் பிறகு வந்த தைம் தொகுப்பு மேயோ கிளினிக்கின் புற்றுநோய்க் குறிப்புகளைக் கொண்டது. அங்கே கையாண்ட யுக்தி உங்களுக்கும் உதவும். எல்லா ஜோடியையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாமல், ‘விபத்து நாள்’, ‘முதல் அறுவை சிகிச்சை’, ‘ஆறு மாதம் கழித்து மறுபரிசோதனை’ என்று சில பெரிய கட்டங்களை முதலில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நிகழ்வும் எந்தக் கட்டத்துக்குள் அடங்கும் என்று மட்டும் பார்ப்பது.

தமிழுக்கு வருவோம். 2010 டெம்ப்எவாலில் ஆங்கிலம், சீனம், பிரெஞ்சு, இத்தாலியம், கொரியம், ஸ்பானியம் என்று ஆறு மொழிகள் இருந்தன, தமிழ் அதில் கிடையாது. இன்றைய பெரிய மாதிரிகள் தமிழைப் படிக்கின்றன என்றாலும் காலவரிசை பற்றிய பயிற்சி பிற மொழிகளிலிருந்து கடன் வாங்கியதுதான். ஆனால் நம் மொழியின் அமைப்பு கணினிக்குக் கொஞ்சம் சாதகமும்கூட. ‘வந்து, பார்த்து, எழுதி, கையெழுத்துப் போட்டார்’ என்ற வாக்கியத்தில் வினையெச்சங்களின் வரிசையே நடந்த வரிசை. மாற்றிப் போட்டால் கதையே மாறிவிடும். பழைய இலக்கணக்காரர்கள் இதை நன்றாகவே கவனித்திருக்கிறார்கள். நன்னூல் வினையெச்ச வாய்பாடுகளைப் பன்னிரண்டாக்கி, ஐந்து இறந்தகாலம், ஒன்று நிகழ்காலம், ஆறு எதிர்காலம் என்று காலம் வாரியாகவே பிரித்து வைத்திருக்கிறது. எட்டு நூற்றாண்டுக்கு முந்தைய குறிப்பவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அந்த இறந்தகால எச்சத்தை மட்டும் நம்பி இறங்கினால் சறுக்கும். ‘எழுந்து போனார்’ என்றால் எழுந்தது முதலில். ‘ஹெல்மெட் போட்டு ஓட்டினேன்’ என்றால் ஓட்டும்போதும் ஹெல்மெட் தலையில் இருக்கிறது. ‘சிரித்துப் பேசினார்’ என்றால் இரண்டும் ஒரே நேரம். வடிவம் மூன்றிலும் ஒன்றே. உதவி வினையையும் பார்க்க வேண்டும். ‘நான் போனபோது போலீஸ் வந்தது’ என்றால் ஏறக்குறைய ஒரே சமயம், ‘நான் போனபோது போலீஸ் வந்திருந்தது’ என்றால் எனக்கு முன்பே வந்துவிட்டது. வாக்குமூலம் எழுதுபவர் அவசரத்தில் ‘வந்திருந்தது’ என்று சொன்னதை ‘வந்தது’ என்று எழுதிவிட்டால் எந்தக் கணினியாலும் அதை மீட்க முடியாது. இதனால்தான் வாக்குமூலம் எடுக்கும்போதே ‘நீங்கள் போவதற்கு முன்பா, பிறகா’ என்று ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள் என்று சொல்வேன். எந்த மென்பொருளை விடவும் அந்தக் கேள்வி மலிவு.

சாட் செய்யும் பெரிய மாதிரிகளிடம் நேரடியாகக் கேட்டால் என்ன என்று நினைப்பீர்கள். கேட்கலாம். பட்டியல் அழகாக வரும். 2023-ல் சாட்ஜிபிடியை வைத்து இதைச் சோதித்தவர்கள், தனியாகப் பயிற்சி பெற்ற சிறிய மாதிரிகளை விட அது பின்தங்கியதையும் தன் பதிலிலேயே முரண்படுவதையும் கண்டார்கள். அதன் பிறகு மாதிரிகள் நன்றாகவே தேறியிருக்கின்றன, அந்த எண்களை இன்றைக்கு அப்படியே பிடித்துத் தொங்கக்கூடாது. ஆனால் வழக்கமான வரிசையின் பக்கம் சாயும் குணம் அளவில் குறையலாமே தவிர, போய்விடும் என்று நான் நம்பவில்லை. அவை பழகிய விதமே அதுதான். இது என் கருத்து, நிரூபித்த விஷயம் இல்லை.

அப்படியானால் உங்கள் ஆபீசில் என்ன செய்யலாம்? எல்லா ஆவணங்களையும் சேர்த்து ஒரே பட்டியல் கேட்காதீர்கள். ஆவணம் ஒன்றுக்கு ஒரு பட்டியல் என்று வாங்குங்கள். சேர்த்துக் கேட்டால் லோரி ஓட்டுநர் சொன்ன வரிசையையும் உங்கள் கட்சிக்காரர் சொன்ன வரிசையையும் சமாதானம் செய்துவைத்து யாரும் சொல்லாத மூன்றாவது கதை ஒன்றை அது உருவாக்கிவிடும். இரண்டு சாட்சிகள் எங்கே பிரிகிறார்கள் என்பதுதானே லோயருக்குத் தேவை. ஒவ்வொரு நிகழ்வும் எப்போது தொடங்கியது என்று மட்டும் கேளுங்கள், முடிவைத் தனியாகப் பார்த்துக்கொள்ளலாம். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஆதாரமான வாக்கியத்தை அப்படியே எடுத்துப் போடச் சொல்லுங்கள். அத்துடன் அந்த இடம் தேதியை வைத்தா, ‘பிறகு’ போன்ற சொல்லை வைத்தா, இல்லை வெறும் ஊகமா என்றும் குறிக்கச் சொல்லுங்கள். ஆதார வாக்கியம் நிஜமாகவே கோப்பில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள், சில சமயம் இருக்காது. ‘தெளிவில்லை’ என்று சொல்ல அனுமதி உண்டு என்பதையும் எழுதிக் கொடுங்கள். கொடுக்காவிட்டால் அது எப்பாடு பட்டாவது ஒரு பதிலைச் சொல்லும்.

முக்கியமான ஜோடிகள் ஒரு வழக்கில் நாலைந்துதான் இருக்கும். ஹாரனா பிரேக்கா, வலியா விபத்தா என்கிற மாதிரி. அவற்றை மட்டும் இரண்டு விதமாகத் திருப்பிக் கேளுங்கள். ஹாரன் பிரேக்குக்கு முன்னா என்று ஒரு முறை, புதிதாகத் தொடங்கி, பிரேக் ஹாரனுக்கு முன்னா என்று ஒரு முறை. இரண்டுக்கும் ‘ஆமாம்’ வந்தால் எழுத்தில் ஆதாரம் இல்லை என்று எடுத்துக்கொண்டு கட்சிக்காரரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். இரண்டு பதிலும் பொருந்தி வந்தால் அது சரி என்று ஆகிவிடாது, தப்பையும் உறுதியாக இரண்டு தரம் சொல்லும். ஆதார வாக்கியத்தைப் படிக்கும் வேலை உங்களுக்கு எப்படியும் உண்டு.

இவ்வளவும் செய்தால் கிடைப்பது ஒரு நல்ல முதல் வரைவு. பெரிய கோப்பில் கணிசமான நேரம் மிச்சமாகும், விட்டுப்போன தேதிகளைக் காட்டிக்கொடுக்கும், ஒரே சம்பவத்துக்கு இரண்டு ஆவணத்தில் இரண்டு தேதி இருந்தால் கண்ணில் படும். லோயர் கையெழுத்துப் போட்டுத் தாக்கல் செய்யும் பட்டியலாக அதை அப்படியே அனுப்பாதீர்கள். கடைசியாக ஒன்று. கட்சிக்காரரின் மருத்துவ அறிக்கையை இணையத்தில் உள்ள பொதுச் சேவையில் அப்படியே ஒட்டாதீர்கள். மலேசியாவின் 2010-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, கட்சிக்காரரின் ரகசியத்தைக் காக்கும் கடமை வேறு உங்கள் லோயருக்கு இருக்கிறது. பெயர், ஐசி (அடையாள அட்டை) எண், வண்டி எண், முகவரி எல்லாவற்றையும் அடித்துவிட்டுப் பயன்படுத்துங்கள், அல்லது ஆபீஸ் கணினியிலேயே ஓடும் மாதிரியைப் போட்டுக்கொள்ளுங்கள். தேதிகளை மட்டும் அடித்துவிடாதீர்கள், அப்புறம் வரிசைப்படுத்த எதுவும் மிஞ்சாது. அப்படி அடித்த வாக்குமூலம் ஒன்றை, லோயரின் அனுமதியோடு, இங்கே போட்டால் எந்த இடங்கள் சிக்கலாகும் என்று நானும் பார்த்துச் சொல்கிறேன்.